கட்டம் சரியில்லை

நம்மூர் ஜோசியருக்குப் பன்னிரண்டு கட்டம் தாராளம். அதை வைத்துக்கொண்டே கல்யாணம், கடன், கண்டம், பங்காளி வைத்த செய்வினை வரைக்கும் சொல்லிவிட்டு, வெற்றிலை மேல் வைத்த தட்சிணையையும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். அமெரிக்காக்காரனுக்கு அது பற்றவில்லை. இன்றைக்கு எக்ஸலைத் திறந்தால் ஒரே தாளில் நெடுக்கே 10,48,576, குறுக்கே 16,384. பெருக்கினால் சுமார் 1,718 கோடிக் கட்டம். உலகத்து ஜனங்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு பட்டா போட்டுக் கொடுத்தாலும் புறம்போக்கு மிச்சமிருக்கும்.

இவ்வளவு பெரிய அக்ரஹாரத்தைக் கட்டி வைத்தார்களே, யார் குடிவந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால், முதல் கட்டத்தில் ‘துவரம் பருப்பு’ என்றிருக்கிறது. அதற்குக் கீழே ‘உளுத்தம் பருப்பு’. கூட்டல் இல்லை, பெருக்கல் இல்லை, வட்டி விகிதம் இல்லை. வெறும் பட்டியல்.

கணக்குப்பிள்ளைக்குக் கட்டிய மாளிகையில் பருப்பு குடியேறிய இந்தச் சரித்திரத்தை மேதைகளின் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் மேதைகள் அதில் முக்கால்வாசி நேரம் வாசலில் நின்று திருதிருவென்று முழித்திருக்கிறார்கள். சுவரை இடித்தது, தாழ்வாரம் இறக்கியது, மச்சு எடுத்தது எல்லாம் குடிவந்தவர்கள். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்கள்.

1978. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். வாத்தியார் கரும்பலகையில் ஒரு கம்பெனியின் வரவு செலவைக் கட்டம் கட்டமாக எழுதுகிறார். நடுவில் ஓர் எண் தப்பு. அதை அழித்தால் பக்கத்து எண்ணை அழிக்க வேண்டும், அதை அழித்தால் அதன் கீழே இருப்பதை, கடைசியில் மொத்தத்தையும். வாத்தியார் விபூதி அபிஷேகம் கண்ட சாமி மாதிரி சாக்பீஸ் தூளில் நிற்கிறார். பெஞ்சில் டான் பிரிக்ளின். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. படிக்க வந்தவர். வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு மட்டுமா கனவு வரும்? இவருக்கு முழித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. அடியில் உருண்டை வைத்த ஒரு கால்குலேட்டர். மேஜையில் அதை உருட்டினால், போர் விமானியின் கண்ணுக்கு நேரே தெரிவதுபோல எண்கள் காற்றில் மிதக்கும். தப்பான எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே திருந்திக்கொள்ளும்.

கனவில் வந்தது போர் விமானம். கையில் கிடைத்தது ஆப்பிள்-2. அந்தக் கம்ப்யூட்டரின் கீபோர்டில் இடது, வலது என்று இரண்டே இரண்டு அம்புக்குறி. மேலே, கீழே போக வழியில்லை. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் குறுக்கு அம்பு நெடுக்கு அம்பாகிவிடும். இன்னொரு தட்டு தட்டினால் பழையபடி குறுக்கு. கீழே இரண்டு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம் போவதற்குள் மிருதங்கமே வாசித்து முடித்துவிடலாம். பிரிக்ளினின் கூட்டாளி பாப் ஃபிராங்ஸ்டன் ராக்கோழி மாதிரி மச்சில் உட்கார்ந்து நிரல் எழுதினார். வாடகைக்கு எடுத்த பெரிய கம்ப்யூட்டருக்கு ராத்திரியில்தான் கட்டணம் சல்லிசு.

1979இல் சரக்கு கடைக்கு வந்தது. பெயர் விசிகால்க். கணக்காளர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது மனிதருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதாகப் பிரிக்ளின் சொல்லியிருக்கிறார். வாரம் பூரா தான் பார்க்கும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறதே என்ற நடுக்கம். சந்தோஷமா, பிழைப்பு போகிற பயமா என்று நமக்குத் தெரியாது. இரண்டும்தான் இருந்திருக்கும்.

ஆப்பிள் கம்பெனியின் இரண்டு ஸ்டீவ்களும் தங்கள் கம்ப்யூட்டரை வாங்கப்போவது வீட்டில் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆசாமிகள் என்று நினைத்திருந்தார்கள். வந்து நின்றதோ டை கட்டிய சிறு வியாபாரிகள். “விசிகால்க் ஒண்ணு குடுங்க. அது ஓடறதுக்கு எந்தப் பொட்டி வேணுமோ அதையும் சேர்த்துக் குடுங்க” என்கிற தினுசு வியாபாரம். விசிகால்க் 100 டாலர், பெட்டி 2,000 டாலருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தது வேறு எதற்கு?

ஆக, எதிர்பாராத வாடிக்கையாளர் என்ற ஜாதி பிறந்தது அங்கேதான். அது கதையின் மறுபாதியில் இன்னும் பல கிளைகளாகப் பெருகும்.

விசிகால்க்கை எழுதினவர்களும் அதை விற்றவர்களும் 1983இல் கோர்ட்டுக்குப் போனார்கள். பங்காளிச் சண்டையில் வரப்பை யார் வெட்டினார்கள் என்று இரண்டு வீட்டாரும் வாதாடிக்கொண்டிருக்கையில், மூன்றாம் வீட்டுக்காரர் நிலத்தையே உழுதுவிட்டுப் போவார் இல்லையா? அவர் பெயர் மிட்ச் கேபர். விசிகால்க் வட்டாரத்திலேயே வேலை பார்த்தவர். ஒரு காலத்தில் ஆழ்நிலை தியானம் சொல்லிக்கொடுத்த ஆசாமி. அதனால் கம்பெனிக்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். பத்மாசனத்தின் தாமரைதான். நம்மூர் ரிஷிகள் பத்மாசனம் போட்டு மோட்சத்துக்குப் போனார்கள். கேபர் பத்மாசனத்தின் பேரை மட்டும் போட்டு முதல் வருஷத்திலேயே 5 கோடி டாலருக்கு மேல் விற்றார். அவர் போட்டிருந்த கணக்கு வெறும் 10 லட்சம் டாலர். உலகத்தாருக்கெல்லாம் கணக்குப் போடும் மென்பொருளை விற்றவருக்குத் தன் கணக்கு ஐம்பது மடங்கு தப்பியது.

லோட்டஸ் 1-2-3 வெளிவந்த நாள் 1983 ஜனவரி 26. நாம் தேசியக் கொடியேற்றி மிட்டாய் சாப்பிட்ட தினத்தில், அங்கே ஒரு பாவமும் கொடியேறியது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

லோட்டஸ் தேதிகளை எண்களாக வைத்துக்கொண்டது. 1900 ஜனவரி 1 என்றால் 1. மறுநாள் 2. இப்படியே போனால் பிப்ரவரி 28க்கு 59. அடுத்தது? மார்ச் 1 என்று வரவேண்டும். ஏனென்றால் 1900 லீப் வருஷம் இல்லை. நான்கால் வகுபட்டால் லீப்தான். ஆனால் நூற்றாண்டு முடிகிற வருஷம் என்றால் நானூறாலும் வகுபட வேண்டும். 2000 தேறும், 1900 தேறாது. லோட்டஸோ நான்கால் வகுபடுகிறதா, சரி, போ என்று விட்டுவிட்டது. அதனால் 60ஆம் எண்ணுக்கு உலகத்தில் யாருமே பார்த்திராத 1900 பிப்ரவரி 29 என்ற நாள் உதித்தது. அந்த நாளில் பிறந்தவர் இல்லை, இறந்தவர் இல்லை, வாங்கிய கடன் இல்லை. ஆனால் லோட்டஸில் அதற்கென்று ஓர் எண் உண்டு.

இது தெரியாமல் செய்த தப்பா, சுருக்கமாக முடிக்கத் தெரிந்தே செய்ததா என்பதைப் பட்டிமன்றக்காரர்களிடம் விட்டுவிடுவோம். லோட்டஸில் கணக்கு எழுதியவர்களுக்கு 1900இல் என்ன வேலை? அவர்களுக்கு அடுத்த மாசச் சம்பளம்தான் கவலை. ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள், ஒரே மாதிரி தேவை. பிழை நிம்மதியாகத் தூங்கியது.

மைக்ரோசாஃப்ட் எக்ஸல் 1985இல் மேக்கின்டாஷில் பிறந்து 1987இல் விண்டோஸுக்குக் குடிபெயர்ந்தது. பெரிய கம்பெனிகளெல்லாம் லோட்டஸில் குடியிருந்தன. அவர்களை இழுக்க வேண்டுமானால் அவர்களுடைய பழைய கோப்புகள் அப்படியே திறக்க வேண்டும். அப்படியே என்றால் அப்படியே. எனவே எக்ஸல்காரர்கள் லோட்டஸைப் பார்த்து எழுதினார்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய பெயரையும் சேர்த்து எழுதி மாட்டுவானே, அது போல, அந்த இல்லாத பிப்ரவரி 29ஐயும் சேர்த்தே எழுதினார்கள். லோட்டஸில் மெனு திறக்கச் சாய்கோட்டு விசையைத் தட்டிப் பழகிய விரல்களுக்காக, எக்ஸலிலும் அதே விசைக்கு அதே மரியாதை. சந்தேகமிருந்தால் இப்போதே ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். பிரேதம் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லும்.

மேக் பக்கம் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எண்ணிக்கையை 1904இலிருந்து தொடங்கியிருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே மென்பொருள், இரண்டு பஞ்சாங்கம். நடுவில் 1,462 நாள் வித்தியாசம். நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு சனிப்பெயர்ச்சி, திருக்கணிதத்தில் ஒரு சனிப்பெயர்ச்சி என்று இரண்டு முறை எள் தீபம் ஏற்றுகிறவர்கள் நாம்.

1992இல் இந்த 60ஆம் நாள் பில் கேட்ஸின் அறை வரைக்கும் போனது. எக்ஸலுக்குள் பேசிக் மொழியைப் புகுத்தும் திட்டத்தை ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞர் ஐந்நூறு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு கேட்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தார். கேட்ஸ் அந்தக் கூட்டங்களில் வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுவார். எத்தனை தடவை பேசினார் என்று எண்ணுவதற்கென்றே ஸ்போல்ஸ்கியின் குழுவிலிருந்து ஒருவர் வந்திருந்தாராம். எண்ணிக்கை குறைந்தால் நல்ல சகுனம். பேசிக் மொழியின் தேதிகளை எக்ஸலின் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து ஸ்போல்ஸ்கி ஏற்கெனவே ஒரு சூட்சுமத்தைப் பிடித்து வைத்திருந்தார். பேசிக் ஒரு நாள் முன்னாலேயே, 1899 டிசம்பர் 31இலிருந்து, எண்ணிக்கையைத் தொடங்குகிறது. ஆனாலும் இன்றைய தேதிக்கு இரண்டிலும் ஒரே எண்தான் வருகிறது. நடுவில் அந்த இல்லாத நாள் வந்து சமன் செய்துவிடுகிறது. கேட்ஸ் குடைந்து குடைந்து கடைசியில் தேதிச் சூத்திரங்களுக்கே வந்தார். எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? செய்யும், 1900 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் தவிர, என்றார் ஸ்போல்ஸ்கி. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். கேட்ஸ் பாராட்டிவிட்டு எழுந்து போனார். அன்றைய கெட்ட வார்த்தைக் கணக்கு நான்கே நான்கு. யாருக்கும் நினைவு தெரிந்த வரையில் அதுதான் குறைவாம்.

அந்தத் தப்பைத் திருத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். திருத்தினால் 1900 மார்ச்சுக்குப் பிந்திய எல்லாத் தேதியும் ஒரு நாள் நகரும். அதாவது, உலகத்தில் எக்ஸலில் எழுதிய ஏறக்குறைய எல்லாத் தேதியும். வங்கிக்காரன் வட்டி, கப்பல்காரன் வாடகை, ஆஸ்பத்திரிக்காரன் ஊசி எல்லாம் முந்தின நாளுக்கோ பிந்தின நாளுக்கோ ஓடும். பல தினுசு வாடிக்கையாளர் உள்ள மென்பொருள் கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி. ஆளுக்கொன்று கேட்பதால் தினம் புதுப் பலகாரம் பிறக்கும், சந்தேகமில்லை. ஆனால் மூலையில் கிடக்கிற உடைந்த அம்மியைத் தூக்கி வெளியே போட்டால், “ஐயையோ, அது அப்பத்தா தலைக்கு வெச்சுப் படுக்கிறதுல்ல?” என்று உள்ளிருந்து குரல் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எக்ஸல் ஐந்தாம் பதிப்பைத் திட்டமிட்டவர்கள், வழக்கத்துக்கு விரோதமாக ஒரு காரியம் செய்தார்கள். வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்று போய்ப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் மனசில் இருந்த வாடிக்கையாளர் கோட்டும் சூட்டும் போட்டவர். ஐந்து வருஷ லாபத்தை மூன்று விதமாகக் கணித்துத் தலைமை நிர்வாகியிடம் நீட்டுகிறவர். நிஜத்தில் பார்த்தது? சுமார் ஐந்தே பேரைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது என்கிறார் ஸ்போல்ஸ்கி. ஏராளமான பேர் பட்டியல்தான் போடுகிறார்கள். ஒரு சூத்திரம் கிடையாது. அமெரிக்கத் துவரம் பருப்பு.

வேறு கம்பெனியாக இருந்தால், இவர்களுக்கு இதை உபயோகிக்கத் தெரியவில்லை, வகுப்பெடுக்க வேண்டும் என்று கிளம்பியிருப்பார்கள். இவர்கள் பட்டியலுக்கு வசதி செய்துகொடுத்தார்கள். சுலபமாக வரிசைப்படுத்தலாம், இரண்டு எழுத்து தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பும், தலைப்பில் ஒரு முக்கோணத்தை அழுத்தினால் வேண்டிய வரிகள் மட்டும் நிற்கும், மற்றவை ஒளிந்துகொள்ளும். இன்று ‘ஃபில்டர் போடு’ என்று ஆபீசுக்கு ஆபீஸ் சத்தம் கேட்கிறதே, அதன் பூர்வீகம் இதுதான். கண்டுபிடித்தது எஞ்சினியர். கண்டுபிடிக்க வைத்தது கணக்கே போடாத வாடிக்கையாளர்.

அதே காலத்தில் லோட்டஸ் வீட்டில் என்ன நடந்தது? அங்கே உண்மையான மேதைகள் இருந்தார்கள். 1991இல் இம்ப்ரூவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்காக. எண் ஓரிடம், சூத்திரம் ஓரிடம், பார்க்கிற கோணம் ஓரிடம் என்று பிரித்து வைத்த சுத்தமான கட்டுமானம். கட்டத்துக்கு முகவரி கிடையாது. ‘விற்பனை கழித்தல் செலவு’ என்று மனிதர் மாதிரி எழுதலாம். பல அடுக்குக் கணக்குப் போடும் நிதிக்காரர்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஆனால் அதில் துவரம் பருப்பு என்று எழுத உட்கார்ந்தால், முதலில் இது எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகைக்குப் பெயர் என்ன என்று கேள்வி வரும். மளிகைக் கடைக்குப் போகிறவனிடம் ஜாதிச் சான்றிதழ் கேட்டால்? சில வருஷத்தில் கதை முடிந்தது. அதன் யோசனையில் நல்ல பாதியை எக்ஸல் ஐந்தாம் பதிப்பு பிவட் டேபிள் என்று எடுத்து, வேண்டியவர் மட்டும் தொட்டுக்கொள்ளட்டும் என்று இலையோரத்தில் ஊறுகாயாக வைத்தது. லோட்டஸ் கம்பெனியை 1995இல் ஐ.பி.எம். 350 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவும் கட்டத்துக்காக இல்லை, நோட்ஸ் என்ற வேறொரு சரக்குக்காக.

இங்கே ஒரு கிளைக்கதை. இன்டியூட் என்ற கம்பெனி வீட்டுச் செலவு எழுத க்விக்கன் என்று ஒன்றை விற்றது. அதை வாங்கிய பலர் ஆபீசில் உபயோகிப்பதாகக் கருத்துக்கணிப்பில் எழுதிக்கொடுத்தார்கள். கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் அதே பதில் வரவும்தான் போய் விசாரித்தார்கள். பற்று எது வரவு எது என்றே தெரியாத சின்னச் சின்ன முதலாளிகள், கணக்குப்பிள்ளை மொழி பேசாத ஒரே மென்பொருள் இதுதான் என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1992இல் க்விக்புக்ஸ் வந்தது. வாடிக்கையாளர் தப்பாக உபயோகிக்கிறார் என்று கம்பெனிக்குத் தோன்றும்போதெல்லாம் அங்கே ஏதோ புதையல் இருக்கிறது என்று நான் சந்தேகப்பட ஆரம்பித்தது இந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

பட்டியல்காரர்கள் வந்த வழியாக உயிரியல் விஞ்ஞானிகளும் வந்தார்கள். செப்டின், மார்ச் என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர். அவற்றின் சுருக்கத்தை ‘செப்ட்-2’, ‘மார்ச்-1’ என்கிற தினுசில் கட்டத்தில் எழுதினால், கம்ப்யூட்டருக்கு ஒரே ஆனந்தம். ஓகோ, செப்டம்பர் 2 என்கிறீர்களா என்று தானே திருத்தி வைத்துவிடும். கேட்காத உதவி செய்கிற பக்கத்து வீட்டு மாமா குணம். 2016இல் ஓர் ஆய்வு, எக்ஸலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருப்பதைக் கண்டது. மைக்ரோசாஃப்ட் அசையவில்லை. அதனால் 2020இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு ‘செப்ட்’டை ‘செப்டின்’ ஆக்கியது, ‘மார்ச்’சுக்கு வால் ஒட்டியது. சுமார் ஒரு வருஷத்தில் 27 மரபணுக்களுக்குப் பெயர் மாறியது. கோடிக்கணக்கான வருஷப் பரிணாமம் ஒருபக்கம், ஒரு தேதிச் சூத்திரம் மறுபக்கம், விட்டுக்கொடுத்தது பரிணாமம். 2023இல்தான் அந்த உபகாரத்தை அணைத்து வைக்க எக்ஸலில் ஒரு பொத்தான் வந்தது.

விஞ்ஞானிகளுக்கு முன்பே நம்மூர்க்காரர்கள் இந்த அவஸ்தையை அறிவார்கள். கதவு எண் 12/4 என்று எழுதினால் ஏப்ரல் 12 ஆகும். அமெரிக்க முறை வைத்திருந்தால் டிசம்பர் 4. புது எண்ணும் பழைய எண்ணும் போட்டு எழுதுகிற சென்னைத் தெருக்களில் பாதிப் பேர் நாட்காட்டிக்குள் குடியிருக்க வேண்டியதுதான். நாம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

எல்லாமே சிரிப்பதற்கில்லை. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை எக்ஸலின் பழைய வகைக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் கொள்ளளவு 65,536 வரி. 2007இலேயே காலாவதியான வரம்பு. பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்காக அதையும் விட்டு வைத்திருந்தார்கள். ஒரு நோயாளிக்குப் பல வரி தேவைப்பட்டதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் கொண்டார்கள். மற்றவர்கள் வெளியே சிந்தினார்கள். ஒரு வாரத்தில் விடுபட்டவர்கள் 15,841 பேர். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போக வேண்டிய நாட்கள் கடந்துபோயின. அப்பத்தாவின் தலைமாட்டு அம்மி அன்றைக்குக் காலில் விழுந்தது.

இன்னொரு கோடியில் ஜப்பானில் தாட்சுவோ ஹோரியுச்சி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், படம் வரைய ஆசை. படம் வரையும் மென்பொருள் விலை அதிகம். கம்ப்யூட்டரோடு எக்ஸல் ஏற்கெனவே வந்திருந்தது. சும்மா கிடக்கிற கட்டம்தானே என்று அதில் கோடு இழுத்து நிறம் நிரப்பிச் செர்ரிப் பூவும் மலையும் மூங்கிலும் வரைய ஆரம்பித்தார். 2006இல் எக்ஸல் ஓவியப் போட்டியில் பரிசும் வாங்கினார். அவருடைய ஊர் ஆபீஸ்களிலோ கட்டங்களைச் சதுரம் சதுரமாகச் சிறுத்து, நாம் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, எழுத்துக்கொரு கட்டமாக விண்ணப்பப் படிவம் தயாரிக்கிறார்கள். 2023இல் லாஸ் வேகாஸில் எக்ஸல் உலகக் கோப்பையே நடந்தது. விளக்கு, கைதட்டல், வர்ணனை எல்லாம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ங்காய் தொடர்ந்து மூன்றாவது வருஷமாக ஜெயித்தார். சாக்பீஸ் தூளில் நின்ற அந்த வாத்தியாரை அரங்கில் உட்காரவைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

பேராவூரணிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு இந்தப் பேர்களெல்லாம் தெரியாது. ஆடி, ஆவணியில் அங்கே மொய் விருந்து. பல வருஷமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், மகன் விட்டுச்சென்ற லேப்டாப்பில் இப்போது ஏற்றுகிறார். ஊர், பெயர், தொகை. திருப்பிச் செய்தவர்களுக்குப் பச்சை, செய்யாதவர்களுக்குச் சிவப்பு, செய்தும் குறைத்துச் செய்தவர்களுக்கு ஒரு மாதிரியான காவி. எண்ணுக்குத்தான் கட்டம், நிறம் வெறும் அலங்காரம் என்பது எஞ்சினியர்களின் சித்தாந்தம். ஆனால் 2007 பதிப்பில் நிறத்தை வைத்து வடிகட்டும் வசதி வந்துவிட்டது. உலகம் பூரா சித்தப்பாக்கள் இருந்திருக்க வேண்டும்.

போன ஆவணியில் பார்க்கும்போது, பக்கத்தில் கால்குலேட்டரை வைத்து ஒவ்வொரு தொகையாகத் தட்டி, கடைசியில் வந்த மொத்தத்தை எக்ஸலில் எழுதிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, அதுவே கூட்டிடும்” என்றேன்.

“அப்படியா? எங்க, போட்டுக் காமி.”

போட்டேன். கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் முதல் வரியிலிருந்து மறுபடியும் கால்குலேட்டரில் தட்ட ஆரம்பித்தார். இருநூற்றுச் சொச்சம் பேர். நடுவில் டீ வந்தது, போனது.

“பரவாயில்லப்பா, சரியாத்தான் கூட்டுது” என்றவர், அந்தக் கட்டத்தில் நான் போட்ட சூத்திரத்தை அழித்துவிட்டு, கால்குலேட்டரைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக மொத்தத்தை எழுதினார்.